புழுங்கலரிசி: சொல்லும் வழக்கும் ஊட்டவியல் வரலாறும்

முன்னுரை

உடலை வளர்ப்பதும் உணவே. உடலில் நோயை விளைப்பதும் உணவே. இவ்விரு உண்மைகளையும் தமிழ்ச் சான்றோர் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் ஒன்றே சான்றாகும். அதன் முதற்குறள் மிகுதலும் குறைதலும் நோய்க்குக் காரணமாம் எனப் பொதுவகையாற் கூறுகின்றது. அடுத்த ஆறு குறள்கள் முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்ணல், அளவறிந்து உண்ணல், மாறுபாடில்லாத உணவை உண்ணல் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. இறுதி மூன்று குறள்களே நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் நோக்குகின்றன. நோய் வந்தபின் தீர்ப்பதினும் வாராமற் காப்பதற்கே வள்ளுவர் மிகுதியான இடம் அளித்துள்ளார் என்பது இப்பகுப்பால் விளங்கும்.

ஆயினும், உணவின் அளவு பற்றிய அறிவு வேறு. உணவினுள் அமைந்த பொருள்கள் பற்றிய அறிவு வேறு. இவ்வேறுபாட்டை மறந்து எழுதும் போக்கு இன்று பெருகி வருகின்றது. அண்மையில் முதுகலை மாணவர் ஒருவர் எம்மிடம் காட்டிய ஆய்வேட்டு வரைவில், “சங்கத் தமிழர் உயிர்ச்சத்துகளை அறிந்திருந்தனர், புழுங்கலரிசியே அதற்குச் சான்று” என்றொரு தொடர் இருந்தது. அதற்கு ஆதாரமாகச் சங்க நூல்களில் வரும் ‘புழுக்கல்’ என்னும் சொல்லை அவர் காட்டியிருந்தார். மாணவரின் தமிழார்வம் போற்றத்தக்கது. ஆனால் அத்தொடரில் மெய்யும் பிழையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதன்பொருட்டுச் சொல் வழக்கு, நெல்லைப் பதப்படுத்தும் வழக்கு, பெரிபெரி என்னும் நோயின் வரலாறு ஆகிய மூன்றும் முறையே ஆராயப்படும்.

ஊட்டப் பொருள்கள்

மனித உடலுக்கு வேண்டும் ஊட்டப் பொருள்களை மாவுப்பொருள், புரதம், கொழுப்பு, தாதுப்பொருள், உயிர்ச்சத்து, நீர் என ஆறாகப் பகுப்பர். முதல் மூன்றும் உடலுக்கு வெப்பமும் ஆற்றலும் தருவன. அவற்றுள் புரதம் உடலைக் கட்டும் பணியையும் ஆற்றும். தாதுப்பொருள்களுள் சுண்ணச்சத்து எலும்புக்கும், இரும்புச்சத்து குருதிக்கும் இன்றியமையாதன. உயிர்ச்சத்துகளோ, அளவால் மிகச் சிறியன. அவை இன்றேல் பிறவற்றை உண்டும் பயனில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் மேலைநாட்டு அறிஞர் உயிர்ச்சத்து என ஒன்றுண்டு என்பதை அறியார். புரதமும் கொழுப்பும் மாவும் தாதுவும் நீரும் போதிய அளவு கிடைப்பின் உடல் நலமுறும் என்றே அவர் கருதினர். நோய் என்பது நஞ்சாலோ நுண்ணுயிராலோ வெளியிலிருந்து வந்து சேர்வது என்பதே அக்காலத்தில் மேலோங்கிய கொள்கை. ஒரு பொருள் உணவில் இல்லாமையே நோயாகும் என்னும் கருத்து அவர்க்குப் புதியது. அக்கருத்தைக் கற்பித்த பொருள்களுள் முதன்மையானது அரிசி. அக்கல்வியில் தமிழ்த் தொழிலாளரின் உணவுக் கலத்திற்கும் ஓர் இடமுண்டு.

புழுக்கல், புழுங்கல்

முதற்கண் சொல்லை ஆராய்வோம். புழுங்கு என்பது தன்வினை. புழுக்கு என்பது அதன் பிறவினை. வெப்பத்தாலும் ஆவியாலும் வேதல், வெதும்பல் என்பன இவற்றின் அடிப்படைப் பொருள். காற்றின்றி வெம்மை மிக்க பொழுதைப் புழுக்கம் என்கின்றோம். மனம் வெதும்புதலைப் புழுங்குதல் என்கின்றோம்.

சங்க நூல்களில் ‘புழுக்கு’ என்பது வேகவைத்த உணவைப் பொதுவாகக் குறித்து வருகின்றது. பொருநராற்றுப்படையில் அது செம்மறியாட்டு இறைச்சியின் வேவையைக் குறிக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையில் வரகுச் சோற்றோடு சேர்த்துண்ணும் அவரைப் பருப்பின் வேவையைக் குறிக்கின்றது. ‘புழுக்கல்’ என்பதும் இவ்வாறே. முடத்தாமக்கண்ணியார், கரிகாலன் பொருநனுக்கு அளித்த விருந்தைக் கூறுமிடத்து, முரவை நீங்கியதும் முரியாததுமான அரிசியால் ஆக்கிய சோற்றைப் புழுக்கல் எனக் குறிக்கின்றார். சோற்றுப் பருக்கைகள் விரல்போல் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டாது நின்றன என்பது அவர் தரும் காட்சி. ஈண்டுப் புழுக்கல் என்றது சோற்றையேயன்றி, நெல்லாக இருக்கும்போதே அவித்து உலர்த்திய அரிசியை அன்று. எனவே இச்சொல்லைக் கொண்டு இன்றைய புழுங்கலரிசியின் தொன்மையை நிறுவ முற்படுவது பொருந்தாது.

இவ்விடத்தில் மற்றொன்றும் நோக்கற்பாலது. முரவை என்பது அரிசியின்மேல் எஞ்சி நிற்கும் வரி. அவ்வரி போகுமாறு குற்றிய அரிசியே அரசன் விருந்துக்கு உரியதாகப் பாடப்பெறுகின்றது. தவிடு நீங்கிய வெண்மையைச் சிறப்பாகக் கருதும் மனப்பான்மை ஆலைகளோடு வந்ததன்று. அது மிகப் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளும் இதற்குத் துணை செய்கின்றன. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்னும் கணக்கு வருகின்றது. குற்றுகூலியும் இதனுள் அடங்கியிருத்தல் கூடும். எனினும் திருவமுதுக்குரிய அரிசி நன்கு தீட்டப்பெற்றது என்று கொள்வதற்கு இக்கணக்கு இடந்தருகின்றது.

ஆகவே இலக்கியமும் கல்வெட்டும் போற்றுவது வெள்ளரிசியை. தவிட்டின் பயனை அவை பேசவில்லை. உயிர்ச்சத்து அறிவுக்கு அவற்றைச் சான்றாக்குதல், சொல்லாத ஒன்றை நூலின்மேல் ஏற்றுவதாகும்.

நெல்லைப் புழுக்கும் வழக்கு

இனி, இலக்கியம் விரித்துரையாத வழக்கினை நோக்குவோம். நெல்லின் புறத்தோல் உமி. அதனை நீக்கியபின் அரிசியைப் போர்த்து நிற்கும் மெல்லிய அடுக்குகள், தீட்டும்போது தவிடாக உதிர்வன. அரிசியின் ஒரு முனையில் முளை அமைந்துள்ளது. உள்ளே உள்ள வெண்பகுதி பெரும்பாலும் மாவுப்பொருள். தயமின் என்னும் உயிர்ச்சத்து இவ்வெண்பகுதியில் மிகக் குறைவு. முளையிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் தவிட்டு அடுக்கிலுமே அது மிகுதி.

நெல்லை உலரவைத்து அவ்வாறே குற்றி எடுப்பது பச்சரிசி. நெல்லை நீரில் ஊறவைத்து, அவித்து, உலர்த்தியபின் குற்றி எடுப்பது புழுங்கலரிசி. சிற்றூர்களில் இதனைப் பெண்டிரே செய்துவந்தனர். பெரிய பானையிலோ அண்டாவிலோ நெல்லை நீருடன் இட்டுச் சூடேற்றி, இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாட் காலையில் நீரை வடித்துவிட்டு ஆவியில் அவிப்பர். உமி வாய்பிளக்குங்கால் பதம் எனக் கொண்டு இறக்கிக் களத்தில் பரப்புவர். வெயிலில் ஒருசேரக் காயுமாறு காலால் துழாவிவிடுவர். மிகக் காய்ந்தால் அரிசி நொறுங்கும். காயாதிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பின்னர் உரலிலிட்டு உலக்கையாற் குற்றி, முறத்தாற் புடைத்து, உமியும் தவிடும் நொய்யும் வேறாக்குவர்.

இத்துணை உழைப்பு எதற்கு? முதிய பெண்டிரைக் கேட்பின் அவர் கூறும் காரணங்கள் தெளிவானவை. அவித்த நெல்லின் உமி எளிதில் நீங்கும், அரிசி உலக்கைக்கு உடையாது, நொய் குறையும், பூச்சி எளிதில் அண்டாது, சோறு குழையாது, உண்டவர்க்கு விரைவிற் பசியெடாது. இவை யாவும் மெய்யே. அவிக்கும்போது அரிசியின் மாவு கூழ்போல் இளகிப் பின் இறுகுவதால் அதிலுள்ள வெடிப்புகள் மூடி மணி உறுதிப்படுகின்றது. ஆயின் இக்காரணங்களுள் நோய்த்தடுப்பு என்பது இடம்பெறவில்லை. அவர்கள் அறிந்த பயன் வேறு. அவர்கள் அறியாமலே பெற்ற பயன் வேறு. இரண்டாவது பயன் யாது என்பதை வெளிப்படுத்தியது பெரிபெரி நோய்.

பெரிபெரி

இந்நோயின் பெயர் சிங்களச் சொல்லினின்று வந்தது என்பது பெருவழக்கான கருத்து. இந்நோய் கொண்டார்க்குக் காலில் உணர்ச்சி குன்றும், தசை மெலியும், நடை தளரும். ஒருவகையில் உடல் வற்றும். மற்றொரு வகையில் உடல் வீங்கி, இதயம் தளர்ந்து, திடீரென உயிர் பிரியும். தயமின் இன்றி உடல் மாவுப்பொருளை முறையாக ஆற்றலாக்கிக்கொள்ள இயலாமையே இதன் காரணம். நரம்பும் இதயமும் முதலில் தாக்குறுவதும் இதனாலேயே. உடல் தயமினைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. ஆகவே நாள்தோறும் உணவின் வழியே அது வந்தாக வேண்டும்.

சப்பானியக் கடற்படையில் இந்நோய் பெருங்கேடு விளைத்தது. 1882-83இல் ரியூசோ என்னும் பயிற்சிக் கப்பல் நீண்ட கடற்பயணம் மேற்கொண்டபோது, அதிலிருந்த 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனெகிரோ, உணவே காரணம் எனத் துணிந்து, 1884இல் அதே வழியிற் சென்ற சுகுபா என்னும் கப்பலில் வெள்ளரிசியைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி முதலியவற்றைச் சேர்த்தார். நோயுற்றோர் சிலரே, இறந்தார் எவருமிலர். பின்னர்க் கடற்படை உணவில் வாற்கோதுமை சேர்க்கப்பட்டது, நோய் ஒழிந்தது. தகாகியின் மருந்து சரி. அவர் கூறிய காரணம் பிழை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என அவர் கருதினார். அக்கருத்து ஐயத்திற்குரியதாக இருந்தமையால் தரைப்படையினர் அதனை ஏற்கவில்லை. 1904-05இல் உருசியாவோடு நிகழ்ந்த போரில் சப்பானியத் தரைப்படையில் இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்டோர் பெரிபெரியால் நோயுற்றனர். காரணம் தெளிவுறாத மருந்து, பிறரை ஏற்கச் செய்யும் ஆற்றலற்றது என்பதற்கு இது கொடிய எடுத்துக்காட்டு.

சாவகத்தில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர் பத்தேவியாவில் இந்நோயின் நுண்ணுயிரைத் தேடிக்கொண்டிருந்தார். 1889இல் அவர் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. பின்னர் அவை தாமே நலமுற்றன. உசாவியபோது, இடைப்பட்ட மாதங்களில் அவற்றுக்குப் படைமருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய வெள்ளரிசிச் சோறு இடப்பட்டமையும், புதிதாக வந்த சமையற்காரர் அதனைத் தர மறுத்தபின் கோழிகள் தேறியமையும் வெளிப்பட்டன. இதனையடுத்து வோர்டர்மன் என்பார் சாவகத்தின் ஏறத்தாழ 100 சிறைகளை ஆராய்ந்து 1897இல் முடிவை வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேர்க்கு ஒருவர் நோயுற்றிருக்க, தவிடு நீக்காத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேர்க்கு ஒருவர் என்னும் அளவே நோய் இருந்தது. எனினும் எய்க்மன், வெள்ளரிசி மாவில் ஒரு நஞ்சு உண்டாகின்றது, தவிட்டில் அதற்கு மாற்று உள்ளது என்றே முதலில் விளக்கினார். தவிட்டில் உள்ள ஏதோ ஓர் இன்றியமையாப் பொருளின் இல்லாமையே நோய் என 1901இல் கூறியவர் அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற கிரைன்சு.

மலாயாவில் தமிழர்

மலாயா நாட்டில் மூவினத்தார் மூவகை அரிசியை உண்டுவந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளரிசியை உண்டனர். சிற்றூர்களில் வாழ்ந்த மலாயர் தம் நிலத்து நெல்லைத் தாமே அவ்வப்போது குற்றி உண்டனர். தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழர், தாயகத்துப் பழக்கம் விடாது, இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை உண்டனர். சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பேரழிவு செய்தது. மலாயரிடையேயும் தமிழரிடையேயும் அது அரிதாக இருந்தது. தமிழர் வறுமையிலும் கடும் உழைப்பிலும் பிறர்க்குக் குறைந்தவர் அல்லர், உறையுளும் இழிந்ததே. எனினும் இந்நோய் அவரை அணுகவில்லை.

இவ்வேறுபாட்டை நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் உற்றுநோக்கி, 1907இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அரிசியே காரணம் என அவர் துணிந்தார். அவரும் காரணத்தில் பிழைத்தார். பழைய வெள்ளரிசியில் பூஞ்சையால் நஞ்சு விளைகின்றது என்றும், புழுக்கிய அரிசியில் அது விளைவதில்லை என்றும் கருதினார்.

இக்கூற்றைச் சோதித்தவர் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் 1905 திசம்பர் முதல் ஓராண்டுக்காலம் அவர் ஆய்வு நடத்தினார். நோயாளரை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் வகுத்தார். ஒரு பிரிவினர்க்கு வெள்ளரிசி, மற்றவர்க்குப் புழுங்கலரிசி. இடமே காரணமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இரு பிரிவினரின் இருப்பிடங்களையும் மாற்றினார். வெள்ளரிசி உண்ட 120 பேரில் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இந்நோயால் இறந்தார் ஒருவருமிலர். தம் நிலையைத் தாமே எடுத்துரைக்க இயலாத மாந்தரைக் கொண்டு நடத்திய ஆய்வு இது. இக்கால அறநெறி இதனை ஒப்பாது. அவர்கள் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. நாம் இன்று அறிந்த உண்மைக்கு அவர்கள் உயிரை விலையாகத் தந்தனர் என்பதை நினைவுகூர்தல் கடன்.

பின்னர்ப் பிரேசரும் சுடான்டனும் சாலையமைத்த சாவகத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் ஆராய்ந்து, தீட்டும்போது நீங்கும் பகுதியில் உள்ள ஒரு பொருளின் குறைவே நோய் என 1909இல் நிறுவினர். நஞ்சு என்னும் கொள்கை வீழ்ந்தது. இன்மை என்னும் கொள்கை நிலைபெற்றது. 1912இல் காசிமிர் பங்கு ‘வைட்டமின்’ என்னும் பெயரை வழங்கினார். 1926இல் சான்சனும் டோனாத்தும் சாவகத்தில் தவிட்டினின்று அச்சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1929இல் எய்க்மனுக்கும் ஆப்கின்சுக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 1936இல் அச்சத்தைச் செயற்கையாக ஆக்கிக்காட்டிய இராபர்ட்டு வில்லியம்சு, 1886இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரிற் பிறந்தவர். அம்மாகாணத்தின் தெலுங்குக் கடற்கரைப் பகுதியே பெரிபெரி நிலைகொண்ட நிலமாக இருந்தது என்பதை அடுத்துக் காண்போம்.

குன்னூர் ஆய்வுகள்

தமிழகத்தில் ஊட்டவியல் ஆய்வு தோன்றிய இடம் நீலகிரிக் குன்னூர். 1918இல் அங்குள்ள பாசுடர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட்டு மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்ட ஆராய்ச்சி நிலையமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டவியல் நிறுவனம் எனப் பெயர்பெற்று விளங்குகின்றது.

மெக்காரிசனும் நாரிசும் 1924இல் வெளியிட்ட ஆய்வு அரிசிக்கும் பெரிபெரிக்கும் இந்தியாவில் உள்ள தொடர்பைப் பற்றியது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்நோய் எங்கும் பரவியிருக்கவில்லை. வட சர்க்கார் எனப்பெற்ற தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களிலேயே அது நிலைகொண்டிருந்தது. அங்கு மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தெற்கே தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலோர் உணவு புழுங்கலரிசி. ஒரே மாகாணம், ஒரே பயிர், நெல்லை அவிப்பதும் அவியாமையுமே பெரிய வேறுபாடு. மலாயாவில் இனந்தோறும் கண்ட வேறுபாடு ஈண்டு மாவட்டந்தோறும் காணப்பட்டது.

1935இல் குன்னூர்ப் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, முன்னரே நியூபவுண்டுலாந்தில் வெண்கோதுமை மாவை உண்போரிடம் இந்நோயைக் கண்டவர். அவர் தம் குழுவினருடன் 1940இல் இந்தியாவின் அரிசிச் சிக்கலைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். கிருட்டிணனுடன் சேர்ந்து பெரிபெரிப் பகுதியின் குழந்தை இறப்பையும் ஆராய்ந்தார். தாயின் உணவில் தயமின் குன்றின் தாய்ப்பாலிலும் அது குன்றும். தாய் ஓரளவு நலமாய்த் தோன்றும்போதே, பால்குடிக்கும் மகவு சில மாதங்களில் இறந்துபடும். உணவுக் குறை பசியாக வெளிப்படாமல் பிள்ளையின் இறப்பாக வெளிப்படும் கொடுமை இது.

புழுக்குதலின் பயன்

நெல்லை நீரில் ஊறவைத்து அவிக்குங்கால், நீரிற் கரையும் இயல்புடைய தயமின் புற அடுக்குகளினின்று கரைந்து உள்ளே உள்ள வெண்பகுதியுட் சென்று படிகின்றது. மாவு இறுகுவதால் அங்கேயே தங்குகின்றது. முளையும் அரிசியோடு இறுகப் பற்றிக்கொள்கின்றது. பின்னர்த் தவிட்டை நீக்கினாலும் பெரும்பகுதி எஞ்சுகின்றது.

இந்திய உணவுகளின் ஊட்டமதிப்பு அட்டவணை தரும் அளவுகள் இதனை நன்கு விளக்கும். 100 கிராமில் உள்ள தயமின், ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27. தவிட்டிலோ 2.70. நாளொன்றுக்கு 500 கிராம் அரிசி உண்ணும் தொழிலாளி ஒருவர் பச்சரிசியில் 0.30 மில்லிகிராமும் புழுங்கலரிசியில் 1.05 மில்லிகிராமும் பெறுகின்றார்; கழுவுதலாலும் வடித்தலாலும் இவற்றுள் ஒரு பகுதி குறையும். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். நோய்க்கும் நலத்திற்கும் இடைப்பட்ட எல்லை இவ்வளவே.

இவ்வெண்களுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆலையில் தீட்டிய புழுங்கலரிசி, கையாற் குற்றிய பச்சரிசிக்கு நிகராக நிற்கின்றது. ஆகவே ஆலைகள் வந்து உலக்கை ஓய்ந்தபோதும் புழுக்கும் வழக்கு விடாதவரை அக்காப்பு எஞ்சியது. உலக்கையை மட்டும் நம்பியிருந்த பகுதிகளில் ஆலை வந்ததும் காப்பு அழிந்தது. தவிட்டின் பயனை எவரும் அறிந்திராமையால், அது நீக்கப்பட்டபோது தடுத்துரைப்பாரும் இலராயினர்.

புழுங்கலின் எல்லை

இதனால் தமிழர் உணவே தலைசிறந்தது எனக் கூறலாமோ எனின், கூறலாகாது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவு முறைகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. அரிசி மிகுந்து பால் முதலியன குறைந்த சென்னைப் பகுதி உணவை உண்டவை கடைநிலையில் நின்றன. புழுங்கலரிசி தயமினைக் காத்தது. ஆயின் அரிசியில் இல்லாத உயிர்ச்சத்து ஏயை அது தரவியலாது. கீரையும் பாலும் முட்டையும் குறைந்த இல்லங்களில் மாலைக்கண் நோய் குழந்தைகளை வாட்டியது. ஒரு குறையை நீக்கும் உணவு எல்லாக் குறைகளையும் நீக்கிவிடாது என்பது ஊட்டவியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று.

சோறு வடிக்கும் முறையிலும் இழப்பு உண்டு. கழுநீரிலும் வடிகஞ்சியிலும் தயமின் கரைந்து செல்கின்றது. கழுநீர் மாட்டுக்குச் சென்றது. வடிகஞ்சியையும் நீராகாரத்தையும் உழைப்போர் பருகினர். செல்வர் இல்லத்தில் கஞ்சி புறத்தே ஊற்றப்பட்டது. இறைவழிபாட்டிற்கும் சடங்கிற்கும் பச்சரிசியே உரியது என்னும் வழக்கும், வெண்மையே உயர்வு என்னும் எண்ணமும் சேர்ந்து, புழுங்கலை எளியோர் உணவாகக் கருதச் செய்தன. மதிப்பின் வரிசையும் ஊட்டத்தின் வரிசையும் இங்கு தலைகீழாக அமைந்தன.

சொல் வரலாற்றில் பிற்காலத்து மாற்றம் ஒன்றையும் இங்குக் குறிக்கலாம். 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் விரிவுபெற்ற திட்டம் மதிய உணவு எனப் பெயர்பெற்றது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய திட்டம் சத்துணவு எனப் பெயர்பெற்றது. முன்னது உண்ணும் பொழுதைச் சுட்டுவது. பின்னது உணவினுள் அமைந்த பொருளைச் சுட்டுவது. வயிறு நிறைதல் மட்டும் போதாது என்னும் ஊட்டவியற் கருத்து பொதுமக்கள் நாவில் தமிழ்ச்சொல்லாய் நிலைபெற்றமைக்கு இது சான்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, சங்க நூல்களில் வரும் புழுக்கல் என்பது சோற்றைக் குறிப்பது; இன்றைய புழுங்கலரிசிக்கோ உயிர்ச்சத்து அறிவிற்கோ அது சான்றாகாது. இரண்டு, நெல்லை அவிக்கும் வழக்கு தமிழ் மக்களைப் பெரிபெரியிலிருந்து பெரிதும் காத்தது என்பது மலாயாவிலும் சென்னை மாகாணத்திலும் நிறுவப்பட்ட உண்மை. மூன்று, அவ்வழக்கினர் அதன் நோய்த்தடுப்புப் பயனை அறிந்து செய்திலர். ஆயின் அறிவியலார் பலரும் முதலில் சரியான மருந்துக்குப் பிழையான காரணமே கூறினர். அறியாமை இருவர்க்கும் பொது. ஐயத்தை அகற்றியது எண்ணிட்டுப் பகுத்துச் சோதித்த முறையே.

எனவே “முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்” என எழுதுதல் அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. களத்தில் நெல்லைத் துழாவிய பெண்டிர் தாம் அறிந்தவற்றைத் துல்லியமாக அறிந்திருந்தனர். அவித்த நெல்லின் பதம், வெயிலின் அளவு, உலக்கையின் வலி ஆகியவை பற்றிய அவ்வறிவு எந்த நூலிலும் முழுமையாக ஏறவில்லை. அவித்தல், துழாவுதல், குற்றுதல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், தீட்டுதல் என ஒவ்வொரு வினைக்கும் தனிச்சொல் இருந்தது. வட்டாரந்தோறும் அச்சொற்கள் வேறுபட்டன. உரலும் உலக்கையும் மறைந்து வருதலின், அச்சொற்களை வழங்கும் தலைமுறையும் குறைந்து வருகின்றது. உயிர்ச்சத்தைச் சங்கப் பாடலிலே தேடும் மாணவர், ஒரு கோடை விடுமுறையில் தம் ஊர் மூதாட்டியரிடம் சென்று இச்சொற்களையும் செய்முறைகளையும் கேட்டுத் தொகுப்பாராயின், தமிழாய்வுக்கும் உணவு வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் விளையும். முன்னர்க் குறித்த மாணவரிடம் யாம் கூறியதும் இதுவே. அவர் அத்தொடரை நீக்கிவிட்டுத் தம் ஊருக்குச் சென்றுள்ளார்.